கண்டெய்னர் இமேஜிலிருந்து ஒரு லினக்ஸ்: லேப் மெஷினுக்கும் வீட்டு லேப்டாப்புக்கும்

நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கணினி லேப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு பாடு உண்டு. மெஷின் எல்லாம் விண்டோஸ். பாடத்திட்டமோ ஜிசிசி கம்பைலர், ஷெல் ஸ்கிரிப்ட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் என்று லினக்ஸ் பக்கம் நிற்கிறது. மைக்ரோசாஃப்ட் ஸ்டோரிலிருந்து ஒவ்வொரு மெஷினிலும் உபுண்டுவை இறக்கி, தனித்தனியாகப் பேக்கேஜ் போட்டால் கொஞ்ச நாளிலேயே மெஷினுக்கு ஒரு விதமான உபுண்டு ஆகிவிடும். களியக்காவிளை, குழித்துறைப் பக்கம் வீட்டில் இருந்தபடியே திருவனந்தபுரம் டெக்னோபார்க் கம்பெனிகளுக்கு வேலை பார்க்கிறவர்களின் சிக்கல் வேறு. ஒரு புராஜெக்ட்டுக்கு டெபியன் 11 வேண்டும், அடுத்ததற்கு ஃபெடோரா வேண்டும், இரண்டும் ஒன்றோடொன்று கலக்கக் கூடாது.

இரண்டுக்கும் வழி ஒன்றே. வேண்டிய லினக்ஸை ஒரு டாக்கர்ஃபைலில் (டாக்கர் என்ற கண்டெய்னர் கருவிக்கான செய்முறைக் கோப்பு) எழுதி, இமேஜ் கட்டி, அதை டார் கோப்பாக (பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிய பொதி) வெளியே எடுத்து, விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் வசதியான டபிள்யூஎஸ்எல்-இல் ஏற்றிக்கொள்வது. கட்டளைகள் நாலைந்துதான்; தேடினால் எங்கும் கிடைக்கும். ஏற்றிய பிறகு ‘கோ’ மொழிக் கட்டளையைக் காணோம், போஸ்ட்கிரெஸ் தொடங்க மறுக்கிறது, மாணவர் உள்ளே நுழைந்தால் லினக்ஸே இல்லை என்று வருகிற தொல்லைகளுக்குத்தான் விடை அங்கங்கே சிதறிக் கிடக்கிறது. இந்தப் பதிவில் அவற்றுக்கே அதிக இடம். கட்டளைகளை ஒலிக்கிறபடி தமிழில் தந்திருக்கிறேன்; தட்டும்போது வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

இமேஜில் என்ன வருகிறது, என்ன வருவதில்லை

கண்டெய்னர் இமேஜ் என்பது ஒரு கோப்பு மரமும், அதோடு ஒட்டிய ஒரு குறிப்புச் சீட்டும். மரத்தில் பின், ஈடிசி, யூஎஸ்ஆர், வார் என்று ஒரு லினக்ஸின் ஃபோல்டர்கள் இருக்கும். சீட்டில், எந்தப் பயனராக ஓட வேண்டும், பாத் (கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) மதிப்பு என்ன, எந்த ஃபோல்டரில் தொடங்க வேண்டும், முதலில் எந்த நிரலை ஓட்ட வேண்டும் என்றெல்லாம் எழுதியிருக்கும். டாக்கர் இரண்டையும் படிக்கும். டபிள்யூஎஸ்எல் மரத்தை மட்டும் வாங்கிக்கொள்ளும். சீட்டு வழியிலேயே விழுந்துவிடும். ‘கோ’ கட்டளையைக் காணோம் என்பது போன்ற தொல்லைகள் இந்தக் காரணத்தால் வருபவை.

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலும் இமேஜில் கிடையாது. டபிள்யூஎஸ்எல் 2-இல் மைக்ரோசாஃப்ட் தருகிற ஒரே கெர்னல், ஒரே சின்ன வெர்ச்சுவல் மெஷின். அதன்மேல் நீங்கள் ஏற்றுகிற எல்லா லினக்ஸும் அக்கம்பக்கமாக ஓடுகின்றன. டெபியன் 11 ஏற்றினாலும், கெர்னல் பதிப்பைக் காட்டும் யூநேம் கட்டளையைக் கேட்டால் மைக்ரோசாஃப்ட் கெர்னலின் எண்தான் வரும். கெர்னல் மாட்யூல் எழுதிப் பழக்க வேண்டிய பாடத்துக்கு இது சரிப்படாது. விர்ச்சுவல்பாக்ஸ் பக்கம் போங்கள். மற்ற எதற்கும் தாராளமாகப் போதும்.

மெஷின் தயாரா என்று முதலில் பாருங்கள். விண்டோஸ் 10 என்றால் 2004 பதிப்போ அதற்குப் பிந்தியதோ வேண்டும். 11 என்றால் கவலையில்லை. பயாஸில் வெர்ச்சுவலைசேஷன் திறந்திருக்க வேண்டும். ‘வெர்ச்சுவல் மெஷின் பிளாட்ஃபார்ம்’ என்ற விண்டோஸ் அம்சமும் இயங்க வேண்டும். 80370102 என்று முடிகிற பிழை எண் வந்தால், பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று அணைந்திருக்கிறது என்று பொருள். பழைய லேப் மெஷின்களில் பயாஸில்தான் முதலில் தேட வேண்டும்.

டாக்கர்ஃபைலில் போட வேண்டியவை

அடித்தளமாக டெபியன் 12, அதாவது ‘புக்வர்ம்’ இமேஜை எடுத்துக்கொள்கிறேன். ‘ஸ்லிம்’ வகை வேண்டாம். சில பத்து எம்பி மிச்சமாகும் என்பது உண்மை. ஆனால் அந்த மிச்சம் மேன் பக்கங்களையும் (கட்டளைகளின் உதவிக் குறிப்பு) ஆவணங்களையும் வெட்டியதால் வந்தது; பிறகு நீங்கள் நிறுவுகிற பேக்கேஜ்களின் மேன் பக்கங்களையும் டெபியனின் பேக்கேஜ் நிறுவியான டிபிகேஜி போட மறுத்துவிடும். நெட் இல்லாத செய்முறைத் தேர்வில் மாணவருக்கு உள்ள ஒரே துணை மேன் பக்கம். அதை எடுத்துவிட்டு 40 எம்பி சேமித்து என்ன செய்யப் போகிறோம்?

சர்வரில் ஓடுவதற்காகச் செய்த இமேஜ் என்பதால், மனிதர் உட்கார்ந்து வேலை செய்யத் தேவையான பல பொருள் அதில் இருக்காது. சூடோ (நிர்வாகி உரிமையோடு கட்டளை ஓட்டுவது) கிடையாது, பிங் கிடையாது, ஐபி கட்டளை கிடையாது, கர்ல் கிடையாது, எடிட்டர் கிடையாது. ஆகவே நிறுவ வேண்டிய பட்டியலில் சூடோ, சிஏ-சர்டிஃபிகேட்ஸ், கர்ல், கிட், லெஸ், நானோ, ஐபிரூட்2, ஐபியூட்டில்ஸ்-பிங், புராக்பிஎஸ், மேன்-டிபி, லோகேல்ஸ், டிஇசட்டேட்டா, பாஷ்-கம்ப்ளீஷன், ஓப்பன்எஸ்எஸ்ஹெச்-கிளையண்ட் ஆகியவை கட்டாயம். பாடத்துக்கு என்று பில்ட்-எசென்ஷியல், ஜிடிபி, பைத்தான்3-வென்வ். கடைசியாகச் சொன்னதை விட்டுவிடாதீர்கள். டெபியன் 12-இல் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேராக எதையும் நிறுவ விடாது, ‘எக்ஸ்டர்னலி மேனேஜ்ட்’ என்று நிறுத்திவிடும். தனிப் பைத்தான் சூழல் உண்டாக்கித் தரும் வென்வ் இல்லாமல் பைத்தான் லேபை நடத்த முடியாது.

‘ஏபிடி-கெட் அப்டேட்’, ‘ஏபிடி-கெட் இன்ஸ்டால்’ இரண்டும் டாக்கர்ஃபைலின் ஒரே ரன் வரியில் (பில்டின்போது கட்டளை ஓட்டுகிற வரி) இருக்கட்டும். தனி வரிகளாகப் பிரித்தால், அப்டேட் வரியை டாக்கர் முந்தைய பில்டில் சேமித்த பழைய லேயரிலிருந்து (ஒவ்வொரு ரன் வரியும் விட்டுச்செல்லும் அடுக்கு) எடுத்துக்கொள்ளும். இன்ஸ்டால் வரியோ, சர்வரில் இப்போது இல்லாத பழைய பதிப்பைத் தேடிப் போய் 404 வாங்கிவரும். டிஇசட்டேட்டா கேள்வி கேட்டு பில்டை நிறுத்தாமலிருக்க, டெபியன் ஃப்ரண்ட்எண்டை நான்-இன்டர்ஆக்டிவ் என்று அந்த ஒரு வரிக்கு மட்டும் வையுங்கள். நேர மண்டலம் ஆசியா/கொல்கத்தா. வைக்காவிட்டால் லினக்ஸ் உலகப் பொது நேரத்தில் ஓடி, லாக் எல்லாம் ஐந்தரை மணி பின்தங்கி நிற்கும்.

லேயரைக் குறைக்க எல்லாவற்றையும் ஒரே ரன் வரியில் திணிப்பது கண்டெய்னர் உலகத்துப் பழக்கம். இங்கே அதற்கு அவசியமில்லை. எக்ஸ்போர்ட் செய்யும்போது லேயர்கள் எல்லாம் சேர்ந்து ஒரே மரமாகிவிடுகின்றன. முந்தைய லேயரில் வந்து பிந்தைய லேயரில் அழிக்கப்பட்ட கோப்பு டாரில் வராது. ஆகவே படிக்க எளிதாகப் பிரித்து எழுதுங்கள்.

இனி, டெபியன் இமேஜுக்குள் ஒளிந்திருக்கும் இரண்டு கோப்புகள். ஒன்று /யூஎஸ்ஆர்/எஸ்பின்/பாலிசி-ஆர்சி.டி. கண்டெய்னருக்குள் சர்வீஸ் எதுவும் தானாகத் தொடங்கக் கூடாது என்பதற்காக வைத்தது இது. ஏற்றிய பிறகும் அங்கேயே இருக்கும். போஸ்ட்கிரெஸோ அப்பாச்சியோ நிறுவினால், ‘பாலிசி-ஆர்சி.டி டினைட்’ என்ற வரி ஓரமாக ஓடிப்போகும், சர்வீஸ் எழுந்திருக்காது. இதை டாக்கர்ஃபைலின் கடைசி ரன் வரியில் அழியுங்கள். முதலிலேயே அழித்தால், பில்ட் நடக்கும்போதே பேக்கேஜ்கள் சர்வீஸைத் தொடங்கப் பார்த்துத் தடுமாறும். இன்னொன்று /ஈடிசி/ஏபிடி/ஏபிடி.கான்ஃப்.டி ஃபோல்டரில் உள்ள டாக்கர்-கிளீன். இது ஏபிடியின் கேஷை வைத்துக்கொள்ள விடாது. அதனால் பேக்கேஜ் பெயரை டேப் தட்டி நிரப்புவதும் வேலை செய்யாது. இதையும் அழித்துவிடலாம்.

லோகேலை (மொழி, எழுத்து அமைப்பு) பொறுத்தவரை, தமிழ்ப் பெயருள்ள கோப்புகள் கேள்விக்குறியாகத் தெரியாமல் இருக்க சி.யூடிஎஃப்-8 போதும், அது டெபியனில் முன்பே இருக்கிறது. தேதி, எண் வடிவமெல்லாம் தமிழுக்கு ஏற்ப வேண்டுமென்றால் லோகேல்.ஜென் கோப்பில் டிஏ_ஐஎன் வரியைத் திறந்து லோகேல்-ஜென் ஓட்டுங்கள். டெர்மினலில் கொம்பும் காலும் இடம் பிசகித் தெரிந்தால் கோப்பில் குறையென்று நினைக்க வேண்டாம்; கட்டம் கட்டமாக எழுத்தைப் போடுகிற டெர்மினலின் சிக்கல் அது. அதே கோப்பை விஎஸ் கோடில் திறந்தால் சரியாக இருக்கும்.

பயனர். சீட்டு விழுந்துவிடுவதால் டாக்கர்ஃபைலில் ‘யூசர்’ வரி எழுதிப் பயனில்லை. ஏற்றியதும் ரூட்டாகவே, அதாவது முழு உரிமையுள்ள நிர்வாகியாகவே, திறக்கும். யூசர்ஆட் கட்டளையால் ‘மாணவர்’ என்று ஒரு கணக்கு உண்டாக்கி, சூடோ குழுவில் சேர்த்து, டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பில் அதை இயல்புப் பயனராகக் குறிக்க வேண்டும். கணக்குப் பெயரை மட்டும் ஆங்கிலச் சிற்றெழுத்தில் வையுங்கள். உபுண்டு 24.04 இமேஜை எடுப்பவர்கள் கவனிக்க: அதில் 1000 என்ற எண்ணில் ‘உபுண்டு’ என்ற பயனர் ஏற்கெனவே உண்டு. நீங்கள் சேர்ப்பவர் 1001 ஆகிவிடுவார். முதலில் அந்தக் கணக்கை நீக்குங்கள்.

கடவுச்சொல்லை டாக்கர்ஃபைலில் எழுதாதீர்கள். இமேஜின் வரலாற்றில் அது அப்படியே நிற்கும். லேபுக்குக் கடவுச்சொல் கேட்காத சூடோ வைப்பதில் தவறில்லை என்பது என் கருத்து. விண்டோஸில் உள்ளே வந்த எவரும் ‘டபிள்யூஎஸ்எல் -யூ ரூட்’ என்று தட்டினால் கேள்வியில்லாமல் ரூட் ஆகிவிட முடியும். பூட்டாத பின்கதவு இருக்கும்போது முன்கதவுக்கு மட்டும் பூட்டு எதற்கு? சூடோயர்ஸ்.டி ஃபோல்டரில் வைக்கிற கோப்பின் பெயரில் புள்ளி இருக்கக் கூடாது. இருந்தால் சூடோ அதைப் படிக்காது. அனுமதி எண் 0440.

சர்வீஸ்களைத் தொடங்கிப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி வேண்டுமானால் சிஸ்டம்டி, சிஸ்டம்டி-சிஸ்வி, டிபஸ், லிப்பேம்-சிஸ்டம்டி நான்கையும் நிறுவ வேண்டும். இரண்டாவதுதான் /எஸ்பின்/இனிட் கோப்பைத் தருகிறது. அது இல்லையென்றால் டபிள்யூஎஸ்எல்-க்குத் தொடங்க ஆளில்லை. பிறகு, டபிள்யூஎஸ்எல் தானே செய்கிற வேலையில் குறுக்கிடும் யூனிட்டுகளை மாஸ்க் செய்ய (தொடங்கவே முடியாதபடி முடக்க) வேண்டும்: சிஸ்டம்டி-ரிசால்வ்டி, சிஸ்டம்டி-நெட்வொர்க்டி, நெட்வொர்க்மேனேஜர், டிஎம்பி.மவுண்ட், டிஎம்ப்ஃபைல்ஸ் செட்டப், டிஎம்ப்ஃபைல்ஸ் கிளீன். முதல் மூன்றை விட்டால் நெட்வொர்க் குழம்பும். பிந்தியவற்றை விட்டால் டிஎம்பி ஃபோல்டருக்குள் வரைகலை நிரல்களுக்காக வைத்த சாக்கெட் காணாமல் போகும். டெர்மினல் எல்லாம் ஓடும், ஜன்னல் திறக்கிற நிரல் மட்டும் திறக்காது.

டபிள்யூஎஸ்எல்.கான்ஃப் கோப்பை டாக்கர்ஃபைலிலேயே காப்பி வரியால் /ஈடிசி-க்குள் போட்டுவிடலாம். உள்ளே மூன்று பகுதி போதும்: பூட் பகுதியில் சிஸ்டம்டி=ட்ரூ, யூசர் பகுதியில் டிஃபால்ட்=மாணவர், இன்டராப் பகுதியில் அப்பெண்ட்விண்டோஸ்பாத்=ஃபால்ஸ். கடைசியானது லேபுக்காக. இல்லாவிட்டால் விண்டோஸின் முழு பாத்தும் லினக்ஸின் வாலில் ஒட்டிக்கொள்ளும். மாணவர் லினக்ஸில் நிறுவாத நோடை அழைத்தால், விண்டோஸில் இருக்கிற நோட் பதில் சொல்லும். ‘புரோகிராம் ஃபைல்ஸ்’ பெயரில் உள்ள இடைவெளியில் பல ஸ்கிரிப்ட் இடறும். இதை அணைத்தால் லினக்ஸிலிருந்து ‘கோட் .’ என்று விஎஸ் கோடைத் திறக்க முடியாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்பவர் அதற்காகவே திறந்து வைத்துக்கொள்ளலாம்.

இந்தக் கோப்புகளை விண்டோஸில் எழுதுகிறவர்கள் வரி முடிவைப் பாருங்கள். சிஆர்எல்எஃப் முடிவோடு போன ஷெல் ஸ்கிரிப்ட், ‘பேட் இன்டர்ப்ரெட்டர்’ என்று சொல்லி, பாஷ் பெயரின் வாலில் ஒரு தொப்பிக் குறியும் எம் எழுத்தும் காட்டும். எடிட்டரின் கீழ்ப் பட்டையில் எல்எஃப் என்று மாற்றிச் சேமித்தால் தீர்ந்தது.

வெளியே எடுப்பதும் ஏற்றுவதும்

டாக்கர் பில்ட் -டி லேப்:1 .
டாக்கர் கிரியேட் --நேம் விதை லேப்:1
டாக்கர் எக்ஸ்போர்ட் -ஓ லேப்.டார் விதை
டாக்கர் ஆர்எம் விதை
டபிள்யூஎஸ்எல் --இம்போர்ட் லேப்1 டி:\லினக்ஸ்\லேப்1 லேப்.டார் --வெர்ஷன் 2

கண்டெய்னரை ஓட்டத் தேவையில்லை, உண்டாக்கினால் போதும். அதனால்தான் இரண்டாவது வரியில் ‘ரன்’ இல்லை.

‘டாக்கர் சேவ்’ வேறு, ‘டாக்கர் எக்ஸ்போர்ட்’ வேறு. சேவ் தருவது லேயர்களையும் சீட்டையும் உள்ளே வைத்த ஒரு பொட்டலம். அதை இம்போர்ட் செய்தால், ஷெல்லே இல்லாத ஒரு லினக்ஸ் பதிவாகி, திறக்க மறுக்கும். பவர்ஷெல் 5.1-இல் பெரிது-குறி போட்டு டாரைத் திருப்பிவிடுவதும் கூடாது. அது வருகிற பைட்டுகளை எழுத்து என்று எண்ணி யூடிஎஃப்-16 ஆக்கிவிடும், டார் கெட்டுப்போகும். அதற்குத்தான் ‘-ஓ’. டாரை விண்டோஸில் பிரித்து, உள்ளே ஏதோ திருத்தி, மறுபடி கட்டுவதும் ஆகாது: உரிமையாளர் எண், செட்யூஐடி குறி எல்லாம் போய், முதல் சூடோவிலேயே ‘ரூட்டுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும்’ என்று நிற்கும்.

எக்ஸ்போர்ட் வழியாக வருகிற டாரின் வேரில் .டாக்கர்என்வ் என்று ஒரு காலிக் கோப்பு ஒட்டிக்கொண்டு வரும். அதைப் பார்த்து, தாங்கள் கண்டெய்னருக்குள் இருப்பதாக முடிவுகட்டும் ஸ்கிரிப்டுகள் உண்டு. கண்டெய்னர் உண்டாகும்போதுதான் அது பிறக்கிறது என்பதால் டாக்கர்ஃபைலில் அழிக்க முடியாது, ஏற்றியபின் அழியுங்கள். அல்லது பில்ட் கட்டளைக்கே ‘--அவுட்புட் டைப்=டார்,டெஸ்ட்=லேப்.டார்’ கொடுங்கள். நடுவில் உள்ள மூன்று வரியும் மிச்சம், அந்தக் கோப்பும் வராது. நான் இப்போது பரிந்துரைப்பது இதைத்தான்.

டாக்கர் டெஸ்க்டாப் தனிநபருக்கும் கல்விக்கும் இலவசம். 250 பேருக்கு மேல் வேலை செய்கிற, அல்லது ஆண்டு வருமானம் 1 கோடி டாலருக்கு மேலான நிறுவனத்தின் வேலைக்குக் கட்டணம் உண்டு. அங்கே டாக்கருக்கு மாற்றான போட்மேன் பயன்படுத்தலாம், கட்டளைகள் ஏறத்தாழ இவையே. எதையும் கட்டாமல், இருக்கிற இமேஜை அப்படியே டாராக எடுத்தால் போதும் என்பவர்களுக்கு ‘கிரேன்’ என்ற சின்னக் கருவி இருக்கிறது. அதன் எக்ஸ்போர்ட் கட்டளைக்குப் பின்னணி சர்வீஸ் எதுவும் வேண்டாம்.

ஏற்றுகிற ஃபோல்டரில் ஈஎக்ஸ்டி4.விஹெச்டிஎக்ஸ் என்று ஒரே ஒரு கோப்பு உண்டாகும். உங்கள் லினக்ஸ் முழுதும் அதற்குள் இருக்கும். இடம் மிச்சம் பிடிக்க கம்ப்ரெஸ் செய்து வைத்த டிரைவில் அதை வைக்க முடியாது. ‘வெர்ச்சுவல் டிஸ்க் சிஸ்டம் லிமிட்டேஷன்’ என்று மறுத்துவிடும். ஒன்டிரைவ் போன்ற, தானாக மேலே ஏற்றுகிற ஃபோல்டரிலும் வேண்டாம். ஸ்னாப்டிராகன் லேப்டாப்புக்கான இமேஜை வேறு வகை மெஷினில் கட்டுகிறவர்கள் பில்ட் செய்யும்போதே பிளாட்ஃபார்மை லினக்ஸ்/ஆர்ம்64 என்று குறிக்க வேண்டும். இல்லையேல் முதல் கட்டளையே ‘எக்ஸெக் ஃபார்மேட் எரர்’.

சீட்டோடு விழுந்த பாத்

கோ, ரஸ்ட் போன்ற மொழிகளின் அதிகாரபூர்வ இமேஜையே அடித்தளமாக எடுப்பவர்கள் முட்டிக்கொள்கிற இடம் இது. கோ கம்பைலர் /யூஎஸ்ஆர்/லோக்கல்/கோ/பின் ஃபோல்டரில் இருக்கிறது. அந்த ஃபோல்டர் பாத்தில் இருப்பது டாக்கர்ஃபைலின் ‘என்வ்’ வரியால். அந்த வரி சீட்டில் உள்ளது. ஏற்றிய பிறகு கம்பைலர் வட்டில் பத்திரமாக இருக்கும், ஷெல்லுக்கு மட்டும் தெரியாது.

‘டாக்கர் இன்ஸ்பெக்ட்’ ஓட்டி என்வ் பகுதியைப் பாருங்கள். அங்கே இருப்பதை /ஈடிசி/புரொஃபைல்.டி ஃபோல்டரில் ஒரு .எஸ்ஹெச் கோப்பாக, எக்ஸ்போர்ட் வரிகளாக எழுதி, அதையும் டாக்கர்ஃபைலிலேயே காப்பி செய்துவிடுங்கள். லாகின் ஷெல் ஒவ்வொரு முறையும் அதைப் படிக்கும். ஒன்றிரண்டு நிரல்தான் என்றால் /யூஎஸ்ஆர்/லோக்கல்/பின் ஃபோல்டரில் ஒரு சிம்லிங்க் போட்டால் தீர்ந்தது. அந்த ஃபோல்டர் எப்போதும் பாத்தில் உண்டு.

போஸ்ட்கிரெஸ், மைஎஸ்கியூஎல் இமேஜ்களை இப்படி லினக்ஸாக மாற்ற முயலாதீர்கள். டேட்டாபேஸை முதலில் உண்டாக்கும் வேலையை அவற்றின் என்ட்ரிபாயிண்ட் ஸ்கிரிப்ட் செய்கிறது. அதை அழைக்கச் சொல்லும் குறிப்பும் சீட்டில்தான். தரவு ஃபோல்டர் வால்யூமாக (கண்டெய்னருக்கு வெளியே வைக்கும் சேமிப்பிடம்) அறிவிக்கப்பட்டிருப்பதால் எக்ஸ்போர்ட்டில் அதுவும் வராது. டெபியனை எடுத்து அதில் போஸ்ட்கிரெஸ் பேக்கேஜை நிறுவுவது நேர்வழி. ‘டிஸ்ட்ரோலெஸ்’ இமேஜ்களில் ஷெல்லே கிடையாது, அவை ஆகவே ஆகாது. ஆல்பைன் ஏறும், அழகாக ஓடும். ஆனால் அதன் சி நூலகம் மஸ்ல் என்பதால், டெபியன், உபுண்டு போன்றவற்றின் ஜிலிப்சி நூலகத்துக்காகக் கட்டிய ஆயத்த நிரல்கள் ‘கோப்பு இல்லை’ என்று சொல்லும், கோப்பு கண்முன் இருக்கும்போதே. ஆல்பைனுக்கு வேறொரு நல்ல வேலை இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முப்பது மெஷினுக்குக் கொண்டுபோவது

டாரை ஜிஜிப் செய்யுங்கள். இம்போர்ட் அதை நேராகப் படிக்கும். பென்டிரைவில் கொண்டுபோகிறவர்கள் அது ஃபேட்32 அல்ல, எக்ஸ்ஃபேட் என்று உறுதிசெய்யுங்கள். ஃபேட்32-இல் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. ஒவ்வொரு மெஷினிலும் ‘கெட்-ஃபைல்ஹாஷ்’ ஓட்டி மூலத்தோடு ஒப்பிட்டால், மலிவு பென்டிரைவ் செய்கிற குளறுபடி அங்கேயே தெரிந்துவிடும்.

டபிள்யூஎஸ்எல் 2.4.4 முதல் இன்னொரு வசதி வந்தது. டாருக்கு .டபிள்யூஎஸ்எல் என்று வால் மாற்றி வைத்தால், இரட்டைக் கிளிக்கிலேயே ஏறும். ‘டபிள்யூஎஸ்எல் --இன்ஸ்டால் --ஃப்ரம்-ஃபைல்’ என்றும் ஏற்றலாம். கூடவே /ஈடிசி ஃபோல்டரில் டபிள்யூஎஸ்எல்-டிஸ்ட்ரிபியூஷன்.கான்ஃப் வைத்து, இயல்புப் பெயர், முதல் முறை திறக்கும்போது ஓட வேண்டிய ஸ்கிரிப்ட், ஸ்டார்ட் மெனு ஐகான் எல்லாம் குறிக்கலாம்.

லேபில் பெரிதாக இடறுகிற கல் வேறு. லினக்ஸ் பதிவாவது மெஷினுக்கு அல்ல, விண்டோஸ் கணக்குக்கு. அட்மின் கணக்கில் உட்கார்ந்து எல்லா மெஷினிலும் ஏற்றிவிட்டு, மறுநாள் மாணவர் தம் கணக்கில் நுழைந்து பட்டியல் கேட்டால், எதுவும் நிறுவப்படவில்லை என்றே வரும். எல்லோருக்கும் ஒரே லேப் கணக்கு என்றால் அந்தக் கணக்கில் நுழைந்து ஏற்றுங்கள். தனிக் கணக்கு என்றால் லாகின் ஸ்கிரிப்டில், பட்டியலில் பெயர் இல்லையென்றால் மட்டும் இம்போர்ட் செய்யும்படி எழுதுங்கள். டாரைப் பிரித்துப் போட நேரம் பிடிக்கிறது என்றால், ஒரு மெஷினில் ‘--எக்ஸ்போர்ட்’ கட்டளையோடு ‘--விஹெச்டி’ சேர்த்து வட்டாகவே எடுத்து, மற்றவற்றில் அந்த வட்டை நகலெடுத்து ‘--இம்போர்ட்-இன்-பிளேஸ்’ கொடுங்கள். கோப்பு நகலாகும் நேரம் மட்டுமே செலவு.

8 ஜிபி மெஷினில் டபிள்யூஎஸ்எல் இயல்பாகப் பாதி ரேமை, அதாவது 4 ஜிபி வரை எடுத்துக்கொள்ளும். குரோமும் விஎஸ் கோடும் கூடத் திறந்தால் மெஷின் இழுக்கும். பயனரின் ஃபோல்டரில் .டபிள்யூஎஸ்எல்கான்ஃபிக் என்ற கோப்பில் மெமரி=3ஜிபி என்று வைத்து, ‘டபிள்யூஎஸ்எல் --ஷட்டவுன்’ கொடுத்த பின்பே அது செல்லும். நோட்பேட் அந்தப் பெயரின் வாலில் .டிஎக்ஸ்டி சேர்த்துச் சேமித்திருந்தால் எந்த விளைவும் இருக்காது. அமைப்பைத் தூற்றுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

ஓடத் தொடங்கிய பின்

ஏற்றிய எல்லா லினக்ஸுக்கும் நெட்வொர்க் ஒன்றே. டெபியனிலும் ஃபெடோராவிலும் தனித்தனியாகப் போஸ்ட்கிரெஸ் வைத்தால், இரண்டாவதாகத் தொடங்குவது 5432 ஏற்கெனவே பிடிபட்டிருக்கிறது என்று விழும். வீடு தனி, வாசல் ஒன்று. போர்ட்டை மாற்றி வையுங்கள்.

சிஸ்டம்டி சர்வீஸ் ஓடுகிறது என்பதற்காக லினக்ஸ் விழித்திருக்காது. கடைசி டெர்மினலை மூடிக் கொஞ்ச நேரத்தில் முழுதும் உறங்கிவிடும், டேட்டாபேஸும் கூடவே. விண்டோஸ் பக்கத்திலிருந்து டேட்டாபேஸை அணுகுகிறவர்கள் ஒரு டெர்மினலைத் திறந்தே வைக்க வேண்டும்.

புராஜெக்ட் கோப்புகள் லினக்ஸின் ஹோமில் இருக்கட்டும். /எம்என்டி/சி வழியாக விண்டோஸ் வட்டைத் தொடுவது நெட்வொர்க் ஃபோல்டரைத் தொடுகிற கணக்கில் நடக்கிறது. ஆயிரக்கணக்கான சின்னக் கோப்புகள் உள்ள நோட் புராஜெக்ட்டுகளில் வேகம் கண்கூடாகக் குறையும். லேப்டாப் உறங்கி எழுந்தபின் ஏபிடி ‘ரிலீஸ் கோப்பு இன்னும் செல்லாது’ என்றால் லினக்ஸின் கடிகாரம் பின்தங்கிவிட்டது; ‘சூடோ ஹெச்டபிள்யூகிளாக் -எஸ்’.

அடுத்து, கரண்ட். தென்மேற்குப் பருவத்திலும் வடகிழக்குப் பருவத்திலும் மழை வாங்குகிற மாவட்டம் இது; ஐப்பசி மாதத்து இடியில் கரண்ட் போய்ப் போய் வரும். யூபிஎஸ் இல்லாத மேசைக் கணினி நடுவில் அணைந்தால், விஹெச்டிஎக்ஸ் உள்ளே உள்ள ஈஎக்ஸ்டி4 சேதமாகலாம். அடுத்த முறை லினக்ஸ் திறக்காது, அல்லது எதையும் எழுத விடாத நிலையில் திறக்கும். அன்இன்ஸ்டால் செய்ய ஓடாதீர்கள்.

இதற்குத்தான் ஆல்பைன். அவர்கள் தளத்திலேயே ‘மினி ரூட்எஃப்எஸ்’ என்று சில எம்பி அளவில் டார் கிடைக்கிறது, டாக்கர் கூடத் தேவையில்லை. அதை ‘மீட்பு’ என்ற நோக்கத்துக்காகவே ஒவ்வொரு மெஷினிலும் ஏற்றி, நெட் இருக்கும்போதே ‘ஏபிகே ஆட் ஈ2எஃப்எஸ்புராக்ஸ்’ போட்டு வையுங்கள். பழுது வந்தால், டபிள்யூஎஸ்எல் ஷட்டவுன் கொடுத்துவிட்டு ஆல்பைனைத் திறந்து /புராக்/பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் பாருங்கள். பிறகு அட்மின் பவர்ஷெல்லில்:

டபிள்யூஎஸ்எல் --மவுண்ட் டி:\லினக்ஸ்\லேப்1\ஈஎக்ஸ்டி4.விஹெச்டிஎக்ஸ் --விஹெச்டி --பேர்

மறுபடி அதே பார்ட்டிஷன்ஸ் கோப்பைப் பாருங்கள். புதிதாக வந்த எஸ்டி எழுத்துதான் பழுதான வட்டு. மற்றவற்றில் கை வைக்காதீர்கள். ஆல்பைனின் சொந்த வட்டும் ஸ்வாப்பும் அங்கேயே இருக்கின்றன. அந்த வட்டின் மேல் ‘ஈ2எஃப்எஸ்சிகே -எஃப்’ ஓட்டிக் கேள்விகளுக்கு ஆம் சொல்லி, முடிந்ததும் ‘--அன்மவுண்ட்’.

விஹெச்டிஎக்ஸ் வளரும், தானாகச் சுருங்காது. உள்ளே 10 ஜிபி அழித்தாலும் விண்டோஸில் இடம் திரும்பாது. ஷட்டவுன் கொடுத்தபின் டிஸ்க்பார்ட்டில் அந்தக் கோப்பைத் தேர்ந்து, ரீட்ஒன்லியாக அட்டாச் செய்து, ‘காம்பாக்ட் விடிஸ்க்’, பிறகு டிடாச். ஸ்பார்ஸ் முறையில் வைத்தால் தானாகச் சுருங்கும் என்று பல இடத்தில் எழுதியிருக்கும். தரவு கெடும் வாய்ப்பு தெரிந்ததால் பிந்தைய பதிப்புகளில் ‘--அலவ்-அன்சேஃப்’ சொன்னால்தான் அது திறக்கிறது. அந்தப் பெயரே போதும், டிஸ்க்பார்ட்டோடு நிற்பது நல்லது.

புதிய பாடத்திட்டம் வந்து டாக்கர்ஃபைலை மாற்றினால், ஓடிக்கொண்டிருப்பதைத் திருத்தாமல் லேப்2 என்ற பெயரில் பக்கத்தில் ஏற்றுங்கள். லேப்1-இல் இருந்து ஹோமை டார் கட்டி /எம்என்டி/டி வழியாக வெளியே எடுத்து, லேப்2-இல் பிரித்து, அவரவர் நிரல் கம்பைல் ஆகிறதா என்று பார்க்க ஒரு வகுப்பு நேரம் விடுங்கள். அதன்பின் ‘டபிள்யூஎஸ்எல் --அன்ரெஜிஸ்டர் லேப்1’. உறுதியா என்று அது கேட்காது. என்டர் தட்டியதும் விஹெச்டிஎக்ஸும் சேர்ந்தே அழிந்துவிடும், ரீசைக்கிள் பின்னிலும் இருக்காது.